28 நாளில் ஆஸ்திரேலியா

1919-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், ஐரோப்பிய மகாயுத்தம் ஓய்ந்து நான்கு மாதங்களே கழிந்திருந்த வேளையில், ஆஸ்திரேலியாவின் பிரதம மந்திரியாக இருந்த வில்லியம் ஹியூஸ் என்பவரின் சர்க்கார் ஒரு பரிசை அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு முப்பது நாட்களுக்குள், அதாவது 720 மணி நேரத்துக்குள், ஆகாய மார்க்கமாக ஆஸ்திரேலியா வந்து சேரும் முதல் ஆஸ்திரேலியர்களுக்குப் பத்தாயிரம் பவுன் என்பதும், அவர்கள் ஏறி வரும் விமானம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதும், 1920-ஆம் வருஷ முடிவுக்குள் காரியம் நிறைவேற வேண்டும் என்பதும் அந்த அறிவிப்பின் சாரம். கப்பலில் போனாலே ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும் தூரம் அது. ஆனால் யுத்தத்தில் விமானம் ஓட்டிப் பழகிவிட்டு, ஊர் திரும்பக் கப்பலை எதிர்பார்த்து லண்டனில் சும்மா உட்கார்ந்திருந்த ஆஸ்திரேலிய வாலிபர்கள் பலருக்கு, பரிசும் கிடைத்து வீட்டுக்கும் போய்ச் சேரலாம் என்ற யோசனை அவ்வளவு விபரீதமாகப் படவில்லை.

ஆகாயப் பிரயாணத்தின் ஆதிகாலச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேகத்தையும் புயலையும் சமுத்திரத்தையும் பற்றியே விஸ்தாரமாக எழுதிப் போகிறார்கள். விமானி என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டிய மனிதர் என்ற எண்ணம் நமக்கும் படிந்துவிட்டது. அந்தச் சாகசங்களைச் சற்று நிதானமாகப் படித்தால் வேறொன்று புலப்படும். விமானத்துக்கு வானம் கொடுத்த தொல்லையைக் காட்டிலும் தரை கொடுத்த தொல்லை அதிகம். அதே வருஷம் ஜூன் மாதத்தில் ஆல்காக், பிரௌன் என்ற இருவர் அட்லாண்டிக் சமுத்திரத்தை ஒரே மூச்சில், ஏறத்தாழ பதினாறு மணி நேரத்தில், முதன் முதலாகக் கடந்தார்கள். மூடுபனியும் பனிக்கட்டியும் காரிருளும் அவர்களை ஒன்றும் செய்துவிடவில்லை. அயர்லாந்தை அடைந்து, பசும்புல் தரை என்று நம்பி இறங்கிய இடம் சதுப்பு நிலமாக இருந்தபடியால், விமானம் மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. சமுத்திரம் விட்டுக்கொடுத்ததைச் சேறு விட்டுக்கொடுக்கவில்லை.

ஆஸ்திரேலியப் பரிசை வென்றவர்கள் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள். இருவரும் அடிலெய்டு நகரத்துக்காரர்கள். இளையவரான ராஸ் விமானத்தை ஓட்டினார். மூத்தவரான கீத் வரைபடத்தையும் திசைக்கருவியையும் வைத்துக்கொண்டு வழி சொன்னார். பென்னெட், ஷையர்ஸ் என்ற இரண்டு சார்ஜெண்டுகள் மெக்கானிக்குகளாக உடன் சென்றார்கள். போட்டியில் இறங்கிய மற்றவர்களும் தைரியத்தில் இவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் மற்றவர்களுக்கு இல்லாத ஓர் அனுகூலம் ராஸுக்கு இருந்தது: இறங்கப்போகும் தரையை அவர் முன்கூட்டியே கண்ணால் பார்த்திருந்தார்.

யுத்தத்தின்போது பாலஸ்தீனத்தில் ஆஸ்திரேலிய விமானப் படையில் பணி செய்த ராஸ், யுத்தம் முடிந்த கையோடு, 1918 நவம்பர் இறுதியில், சேனாதிபதிகள் இருவரை ஏற்றிக்கொண்டு கெய்ரோவிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பெரிய ஹாண்ட்லி பேஜ் விமானத்தை ஓட்டி வந்தவர். பென்னெட்டும் ஷையர்ஸும் அப்போதே அவருடன் இருந்தார்கள். அங்கிருந்து கிழக்கே விமானம் இறங்கத்தக்க இடங்கள் உண்டா என்று பார்த்து வரும்பொருட்டு, அந்தச் சேனாதிபதிகளில் ஒருவரான போர்ட்டனுடன் கப்பலேறினார். முதலில் போன கப்பலில், வழிநெடுக இறக்கி வைப்பதற்காக ஏழாயிரம் காலன் பெட்ரோலையும் ஏற்றியிருந்தார்கள். சிட்டகாங்கில் அது தீப்பற்றி எரிந்து போயிற்று. வேறொரு கப்பல் பிடித்துப் பர்மா, சயாம், மலாய் நாடு, டச்சுக்காரர் வசமிருந்த ஜாவா, தீமோர் வரையில் போய், எந்த ஊரில் எந்த மைதானம், அதன் நீளம் எவ்வளவு, மழை பெய்தால் என்னாகும் என்றெல்லாம் விசாரித்து வந்தார்கள். போட்டியில் இறங்கியவர்களுள் இந்த வழியை இவ்வளவு தெரிந்த விமானி வேறொருவர் இருந்திருக்க முடியாது. சாகசம் என்று நாம் வியக்கிற காரியங்களுக்குள் இத்தகைய சலிப்பூட்டும் பூர்வாங்க வேலை எவ்வளவு மறைந்து கிடக்கிறது என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் ஏனோ இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

அவர்கள் ஏறிய விமானம் விக்கர்ஸ் கம்பெனியின் ‘விமி’. ஆல்காக்கும் பிரௌனும் அட்லாண்டிக்கைக் கடந்த அதே இனம். பெர்லின் நகரத்தின்மேல் குண்டு போடுவதற்காகச் செய்யப்பட்டு, யுத்தம் முடிந்துபோனபடியால் வேலையற்றுப் போன யந்திரம் அது. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்த இரட்டை அடுக்கு இறக்கைகள், முனைக்கு முனை ஏறத்தாழ 68 அடி. ஒவ்வொன்றும் 360 குதிரை சக்தியுள்ள இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சின்கள். உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. இத்தனை ஆரவாரத்துடன் அது பறந்த வேகமோ, சராசரியாக மணிக்கு எண்பது மைலுக்குச் சற்று மேல்தான்.

1919 நவம்பர் 12-ஆம் தேதி காலை, லண்டனை அடுத்த ஹௌன்ஸ்லோ மைதானத்திலிருந்து புறப்பட்டார்கள். பறப்பதற்குச் சிறிதும் தகுதியற்ற நாள் என்று வானிலை இலாகா அன்று சொல்லியிருந்தது. பிரான்ஸ் தேசத்தின்மேல் பனிமேகம் சூழ்ந்து, கண்ணாடியின்மேல் பனி உறைந்து, கொண்டுபோயிருந்த ஆகாரம் கல்லாய் இறுகி, கைகால் மரத்துப் போய் லியோன் நகரத்தில் இறங்கினார்கள். இதுதான் வானம் அவர்களுக்குக் கொடுத்த முதல் தண்டனை. தரையின் தண்டனை இத்தாலியில், பைசா நகரத்தில் ஆரம்பமாயிற்று.

மழையில் ஊறிக் கிடந்த அந்த மைதானத்தில் சக்கரங்கள் புதைந்துவிட்டன. எஞ்சினை முழு வேகத்தில் விட்டால் விமானம் முன்னே நகராமல் மூக்குக் குத்தப் பார்த்தது. பென்னெட் வால் பக்கம் போய்த் தம் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டு அழுத்திக்கொண்டார். சக்கரம் சேற்றை விட்டு விடுபட்டு விமானம் ஓடத் தொடங்கியதும், ஓடி வந்து தாவியவரை உள்ளே இருந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இத்தகைய காரியத்துக்கு இன்று எந்த விமானக் கம்பெனியும் ஆள் எடுப்பதில்லை.

ரோமாபுரி, டாராண்டோ, கிரீட் தீவு, கெய்ரோ, டமாஸ்கஸ் என்று கடந்து மெசபொடேமியாவில் ரமாதி என்ற இடத்தில் இராத் தங்கினார்கள். அங்கே பாளையமிறங்கியிருந்தது இந்தியக் குதிரைப் படை ஒன்று. நள்ளிரவில் பெருங்காற்று வீசிற்று. துணியும் மரமுமான விமானத்துக்குத் தரையில் நிற்கும்போது காற்றைப் போன்ற விரோதி வேறில்லை. பறக்கும்போது எதிர்த்து நிற்க எஞ்சின் உண்டு, நிற்கும்போது வெறும் காற்றாடிதான். ஐம்பது சிப்பாய்கள் எழுந்து வந்து, இறக்கைகளையும் வாலையும் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்கவொட்டாத மணலில் விடியும் வரையில் நின்றார்கள். சில கம்பிகள் அறுந்ததோடு ஆபத்து நீங்கியது. பொழுது விடிந்ததும் மெக்கானிக்குகள் அவற்றைச் சரிசெய்தார்கள், பிரயாணம் தொடர்ந்தது. பெயர் தெரியாத அந்த ஐம்பது பேரும் அன்றிரவு கையை விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு நாயகர்களைத் தேட வேண்டியிருந்திருக்கும்.

நவம்பர் 24-ஆம் தேதி கராச்சிக்கும் மறுநாள் டில்லிக்கும் வந்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் இறங்கினவுடன் வரவேற்பு உபசாரங்கள் நடக்க, மெக்கானிக்குகள் இருவரும் விமானத்தின் அடியில் படுத்துக் கிடந்தார்கள். அக்காலத்தில் பெட்ரோல் டின்களில் வரும். அதில் தண்ணீரும் தூசியும் கலந்திருக்கும். ஒரு துளி நீர் எஞ்சினுக்குள் போனால் நடு வானத்தில் மூச்சு நின்றுவிடும் என்பதனால், ஒவ்வொரு டின்னையும் உடைத்து, மெல்லிய தோலில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக வடிகட்டித்தான் தொட்டியில் ஏற்ற வேண்டும். ஆறேழு மணி நேரம் பறந்து காது அடைத்துப் போயிருக்கும் மனிதர்கள், அதற்குப் பின் மணிக்கணக்கில் இந்த வேலையைச் செய்தார்கள். வழியில் ஒருமுறை எஞ்சின் குழாய் ஒன்று வெடித்தபோது, வாயிலிட்டு மென்றுகொண்டிருந்த சூயிங் கத்தை அப்பி நாடாவைச் சுற்றி அடைத்தார்கள் என்பதும் இவர்கள் வரலாற்றில் சேர்ந்ததே.

அலகாபாத்தில் வந்த இடையூறு முற்றிலும் நம் நாட்டுச் சரக்கு. புறப்படும் தறுவாயில் காளை ஒன்று மைதானத்துக்குள் புகுந்து, இரைச்சலிடும் இந்தப் பூதத்தை முறைத்துப் பார்த்துவிட்டு, முட்ட வந்தது. மெக்கானிக்குகளில் ஒருவர் இறங்கிப் போய் அதற்கு ஆட்டம் காட்டித் துரத்த வேண்டியதாயிற்று. மறுநாள் கல்கத்தாவில் இறங்கியது குதிரைப் பந்தய மைதானத்தில். விமான நிலையம் என்ற ஒன்று ஏற்படாத அந்த நாட்களில் பந்தய மைதானங்கள் இல்லாவிட்டால் ஆசியாவில் நெடுந்தூர விமானப் பிரயாணமே நடந்திருக்காது எனலாம். வெள்ளைக்காரன் குடியேறிய ஒவ்வொரு பட்டணத்திலும் கோயிலோ பள்ளிக்கூடமோ இருந்ததோ இல்லையோ, மரமில்லாத, மேடு பள்ளமில்லாத, வேலி கட்டிய ஒரு பந்தய மைதானம் இருந்தது. கல்கத்தா, இரங்கூன், சிங்கப்பூர் மூன்றிலும் ‘விமி’ இறங்கியது குதிரைகள் ஓடிய தரையில்தான். ஆனால் அவை குதிரைகளுக்குப் போதுமான அளவே தவிர, பெட்ரோல் பாரத்துடன் எழும்பும் விமானத்துக்குப் போதுமானவை அல்ல. கல்கத்தாவிலிருந்து எழும்பும்போது பருந்து ஒன்று விசிறியில் வந்து மோத, எதிரே நின்ற மரங்களின் உச்சியைத் தொட்டும் தொடாமலும் விமானம் மேலே சென்றது.

இவர்களுக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். பூலே என்ற பிரெஞ்சுக்காரர், பென்வா என்ற தம் மெக்கானிக்குடன், இதைவிடச் சிறிய ஒரு காட்ரான் விமானத்தில் பாரிஸிலிருந்து அக்டோபர் மாதமே கிளம்பியிருந்தார். ஆஸ்திரேலியர் அல்லர் ஆதலால் பத்தாயிரம் பவுனுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. முதலில் போய்ச் சேர்ந்த கீர்த்தி மட்டும் கிடைக்கும். பர்மாவின் கரையோரத்தில் அக்யாப் நகரத்தில் இரு கோஷ்டிகளும் சந்தித்தன. போட்டியாளர்கள் ஒருவரையொருவர் கட்டித் தழுவி, மறுநாள் சேர்ந்தே புறப்படுவதென்று பேசிக்கொண்டார்கள். ‘விமி’ ஒரு மணி நேரம் முந்திக்கொண்டு இரங்கூனை அடைந்தது. அதற்கப்பால் பூலேயின் யந்திரம் பழுதுபட்டு, அவர் பிரயாணம் பர்மாவுடன் முடிந்தது. சிறிய விமானத்தில் அவ்வளவு தூரம் வந்த அந்த மனிதருக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

இரங்கூனுக்கும் பாங்காக்குக்கும் நடுவேயுள்ள மலைத்தொடரில்தான் வானம் தன் பங்கைக் கேட்டது. சிகரங்கள் ஏழாயிரம் அடி என்று வரைபடம் சொல்லிற்று. மேகமோ அதற்கும் மேலே சுவர் போல் நின்றது. பதினோராயிரம் அடி வரையில் ஏறியும் மேகம் முடியவில்லை. முன்னும் பின்னும் தெரியாமல் சிறிது நேரம் பறந்தபின், மலையைத் தாண்டியிருப்போம் என்று உத்தேசமாகக் கணக்கிட்டு, கீழே மலை இருக்கிறதா சமவெளி இருக்கிறதா என்று அறியாமலே மெள்ள மெள்ள இறங்கினார்கள். மேகம் விலகியபோது கீழே காடு தெரிந்தது. மலை பின்னால் இருந்தது.

சயாமின் தெற்கே சிங்கோராவில் இறங்கிய மைதானத்தில் வெட்டாமல் விட்ட மரக்கட்டைகள் முளைகளாய் நின்றன; அவற்றுள் ஒன்று வாலடியில் இருந்த ஊன்றுகட்டையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. இந்த ஊன்றுகட்டையைப் பற்றி இக்காலத்து வாசகருக்குச் சிறிது சொல்லியாக வேண்டும். அந்நாளைய விமானச் சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. வால் தரையில் படிந்து, அந்தக் கட்டை மண்ணைக் கீறிக்கொண்டு இழுபடுவதனால்தான் விமானம் ஓட்டம் குறைந்து நிற்கும். வால் படிய எவ்வளவு தாமதமோ அவ்வளவு நீளம் மைதானம் வேண்டும். சிங்கப்பூரில், நம் தமிழர்கள் கடை வைத்தும் குடியிருந்தும் வாழ்ந்த சிராங்கூன் சாலையை ஒட்டி ஃபாரர் பார்க்கில் இருந்த பந்தய மைதானமோ மிகவும் குறுகல். டிசம்பர் 4-ஆம் தேதி அதன்மேல் வட்டமிட்ட ராஸுக்கு அது போதாது என்று தெரிந்தது. முன்னதாகப் பேசி வைத்திருந்தபடி, சக்கரம் தரையைத் தொடும் நேரத்துக்குப் பென்னெட் தம் இடத்தை விட்டு வெளியே ஏறி, விமானத்தின் முதுகின்மேல் சறுக்கிக்கொண்டே வாலுக்குப் போய்ச் சேர்ந்தார். ஓர் ஆளின் பாரம் கூடியதும் வால் உடனே படிந்தது. நூறு கெஜத்துக்குள் விமானம் நின்றது. ஒரு மனிதர் தம்மையே பிரேக்காக ஆக்கிக்கொண்ட இந்தக் காரியம், அட்லாண்டிக்கைக் கடந்ததற்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

ஜாவாவில் டச்சு சர்க்கார் இந்தப் பிரயாணத்துக்கென்றே மைதானங்களைத் தயார் செய்து வைத்திருந்தது. ஆயினும் சுரபாயாவில் இறங்கிய இடம் மேலே உலர்ந்தும் அடியில் ஈரமாகவும் இருந்தது. கடலிலிருந்து மீட்ட நிலம். மேற்பொருக்கு உடைந்ததும் சக்கரங்கள் அச்சு வரையில் இறங்கிவிட்டன. கிராமத்தார் கூடி, மூங்கில் பாய்களைச் சக்கரத்தின் அடியில் செருகி, தள்ளியும் இழுத்தும் மேலே கொண்டுவந்தார்கள். ஆனால் எழும்புவதற்கு ஓட வேண்டுமே. பாய்களை விரித்து அதன்மேல் ஓட்டிப் பார்த்தபோது, விசிறிக் காற்றில் அவை பறந்து வாலில் சிக்கின. விமானம் மீண்டும் புதைந்தது. அப்போதுதான் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் சாரி சாரியாக மேலும் பாய்களைச் சுமந்துகொண்டு வந்தார்கள். புதுப்பாய் போதாமல் சிலர் தங்கள் வீட்டுச் சுவராக இருந்த தட்டியையே பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். இந்த முறை பாய்களை ஒன்றோடொன்று பிணைத்து, முளையடித்து, மைதானத்தின் குறுக்கே ஒரு சாலை போட்டார்கள். ராஸ் அந்தச் சாலையில் கோடு தவறாமல் ஓட்டி மேலே எழும்பிவிட்டார். தங்கள் வீட்டுச் சுவரைக் கொடுத்தவர்களுக்கு அவை திரும்பிக் கிடைத்தனவா என்ற விஷயம் விமானச் சரித்திரத்தின் அக்கறைக்கு உட்பட்டதல்ல போலும்.

தீமோர் தீவின் அதம்புவாவிலிருந்து டிசம்பர் 10-ஆம் தேதி புறப்பட்டு, நடுக்கடலில் காவலாக நிறுத்தியிருந்த ‘சிட்னி’ என்ற யுத்தக் கப்பலைக் கண்டுகொண்டு, அன்று பிற்பகல் ஆஸ்திரேலியாவின் வட முனையில் டார்வின் நகரத்தில் இறங்கினார்கள். பிரயாண காலம் 27 நாள் 20 மணி. கடந்த தூரம் சுமார் 11,000 மைல். அதில் ஆகாயத்தில் இருந்தது ஏறத்தாழ 136 மணி நேரமே. இருபத்தெட்டு நாளில் இருபத்திரண்டு நாள் தரையில்தான் போயின என்ற கணக்கு இதிலேயே அடங்கியிருக்கிறது. உலகத்தின் மறு கோடியிலிருந்து பறந்து வந்தவர்களை முதலில் நெருங்கியவர்கள், அன்னிய நாட்டிலிருந்து வந்தவர்களைப் பரிசோதிக்கும் சுங்க அதிகாரியும் சுகாதார அதிகாரியும்! சகோதரர் இருவருக்கும் ‘சர்’ பட்டம் கிடைத்தது. பத்தாயிரம் பவுனை நான்கு பேரும் சரி சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். வாலின்மேல் சறுக்கிய பென்னெட்டுக்குப் பட்டம் இல்லை. பணமாவது சமமாக வந்தது.

இதற்குப் பின் நடந்ததுதான் வேடிக்கை. டார்வினிலிருந்து சிட்னிக்குச் சொந்த நாட்டுக்குள் போக இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஜனசஞ்சாரமற்ற வட பிரதேசத்தில் விசிறி பிளந்து, அதைப் பெட்டிப் பலகையும் தகரமும் வைத்துக் கட்டினார்கள். அப்பால் எஞ்சின் உடைந்து, அதை இப்ஸ்விச் ரயில்வே தொழிற்சாலைக்கு அனுப்பிப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. லண்டன் அவ்வளவு தூரத்தில் இல்லை, சிட்னிதான் தூரத்தில் இருந்தது.

மற்றப் போட்டியாளர்களின் கதை சோகமானது. ஒரு விமானம் புறப்பட்ட சில நிமிஷங்களில் லண்டன் எல்லையிலேயே விழுந்து இருவர் மாண்டார்கள். இன்னொன்று கார்பூ தீவின் அருகே கடலில் விழுந்து அதிலிருந்த இருவரும் போனார்கள். மற்றொன்று கிரீட் தீவில் ஒரு மனநோய் மருத்துவமனையின் வேலியோரம் போய் முட்டி நின்றது. வேறொன்று பாலித் தீவின் வாழைத்தோட்டத்தில் முடிந்தது. ரே பாரர், மாக்கிண்டாஷ் என்ற இருவர் மட்டும் விழுந்தும் எழுந்தும் 206 நாளில் டார்வின் வந்து சேர்ந்தார்கள். பிடிவாதத்துக்குப் பரிசு உண்டானால் அது அவர்களுக்குத்தான் உரியது. ராஸ் ஸ்மித்தும் பென்னெட்டும் 1922 ஏப்ரலில், உலகத்தைச் சுற்றுவதற்காகப் புது விமானம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தபோது, இங்கிலாந்தில் விழுந்து மாண்டார்கள்.

‘விமி’யை டார்வினில் எதிர்கொண்டவர்களுள் ஹட்ஸன் ஃபிஷ் என்ற வாலிபர் ஒருவர். அவரும் மக்கின்னஸ் என்ற நண்பரும், பரிசுப் போட்டியில் வரும் விமானங்களுக்கு இறங்கும் இடம் பார்த்துக் கொடுக்கும் வேலையை ஏற்று, ஒரு ஃபோர்டு மோட்டார் வண்டியில் லாங்ரீச்சிலிருந்து டார்வின் திசையில், சாலையே இல்லாத பிரதேசத்தில், 51 நாள் தத்தளித்து வந்தவர்கள். தரையில் பட்ட அந்தக் கஷ்டத்திலிருந்துதான், இங்கே ஜனங்களுக்கு விமானமே வண்டி என்ற எண்ணம் அவர்களுக்கு உறுதிப்பட்டது. 1920 நவம்பரில் அவர்கள் ஆரம்பித்த சிறிய கம்பெனி குவாண்டாஸ்.

தரையின் கதை அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 1928-இல் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் என்ற வேறொரு விமானி பசிபிக் சமுத்திரத்தை முதன்முதல் கடந்தபோது, ஹவாயிலிருந்து முப்பத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்து இறங்கிய இடம் பிஜித் தீவின் சுவா நகரத்து விளையாட்டு மைதானம்; அதற்காக மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. ராஸ் ஸ்மித்தின் மார்க்கம் கராச்சி, டில்லி, கல்கத்தா என்று வடக்கோடு போய்விட்டபடியால், தென்னாட்டுக்கு முறையான விமானத் தபால் வருவதற்கு மேலும் பல வருஷம் ஆயிற்று. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா, ‘புஸ் மாத்’ என்ற சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் புறப்பட்டு, ஆமதாபாத்தில் மாட்டு வண்டியில் வந்த பெட்ரோலை ஏற்றிக்கொண்டு, பம்பாயில் ஜூஹு கடற்கரையோரத்துச் சேற்றுத் திடலில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி பல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தார். மழைக்காலத்தில் ஜூஹுத் திடல் நீரில் மூழ்கிவிடவே, அந்த மாதங்களில் தபால் விமானம் பூனாவில் இறங்கிற்று.